பங்கு பிரிச்ச வண்டி

"எங்கண்ணன் வண்டியை முழுசாத் திருப்பிக் குடுங்க."

கேட்டுவிட்டாள். எதைக் கேட்கவே கூடாதென்று அம்மா பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருந்தாளோ, அதை, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே ஜெஸ்லின் கேட்டுவிட்டாள்.

அறைக்குள் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். மூவருக்கும் நாற்பது தாண்டிய தொந்தி. மூவர் மேலும் கறுப்புத் தோல் ஜாக்கெட். பங்குனி வெயிலில், வெம்பக்கோட்டையில், மனுஷன் பனியன் போடவே யோசிக்கிற மத்தியானத்தில், தோல் ஜாக்கெட். முதுகில் ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு ஸ்பானரும் தைத்து, கீழே 'கரிசல் கிளாசிக்ஸ்' என்று போட்டிருந்தது. சரவெடி டப்பாவில் ஒட்டவேண்டிய படம் இவன்கள் முதுகில் ஏறியிருந்தது.

"வா பாப்பா," என்றான் நடுவில் இருந்த சாலமன்ராஜ். கிளப்பின் தலைவன். இந்த இடம் அவன் அப்பாவின் பட்டாசு ஆலையாக இருந்தது. லைசென்ஸ் போன பிறகு, மருந்து கலந்த அறைகளில் பழைய மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி, அதற்குக் கிளப் என்று பேர் வைத்துக்கொண்டான். ஜெஸ்லினின் அப்பா இன்னும் அவர்களுடைய வேறொரு கம்பெனியில்தான் லோடு ஏற்றுகிறார். "நின்னுக்கிட்டே கேட்கிறியே. உக்காரு. மோர் குடிக்கியா?"

"வண்டி வேணும்ணே."

நேரில் அண்ணே. மனசுக்குள் அவன், இவன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மௌனத்தில்தான் அது தனியாகக் காதில் விழுந்தது. ஆலையின் பின்பக்கம், தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகளுக்கும் அவற்றுக்கு நடுவே நட்ட வேப்ப மரங்களுக்கும் அப்பால், எங்கோ ஒரு வண்டி நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. டப், டப், டப். நடுவே ஒரு தயக்கம். மறுபடி டப், டப். வந்ததிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். வெயிலின் இரைச்சல்போல, கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறாள். யாராவது எழுந்து போய் அணைப்பார்கள் என்று காத்திருந்தாள். வண்டி வைத்திருக்கிற மூன்று பேரும் இங்கேதான் இருந்தார்கள். ஒருத்தனும் எழுந்திரிக்கவில்லை.

"அங்க யாருண்ணே வண்டிய ஓடவிட்டுக்கிட்டு நிக்கிறது?"

"யாருமில்லையே," என்றான் சாலமன்ராஜ்.

வலப்பக்கம் இருந்த தங்கப்பாண்டியன் சிரித்தான். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கிறவன். எந்த ஜாக்கெட் போட்டாலும் மிளகாய் நெடிதான் முன்னால் வரும். "முழுசா வேணுமாம்லே. பங்கு வச்சதத் திருப்பிக் கேட்கிறாளே, படிச்ச பிள்ள."

"செத்தவன் வண்டியத்தானே பங்கு வைப்பீக? எங்கண்ணன் சாகல."

அந்தப் பக்கமிருந்து டப், டப் என்று வந்துகொண்டே இருந்தது.

ஜோபின் சாகவில்லை. வீட்டு ஹாலில், கட்டிலில், தொண்டையில் ஓட்டை போட்டுச் செருகிய குழாயோடு கிடக்கிறான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். வாத்தியாருக்கு ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள் கிடைத்தது. அதைவிடக் கேடாக இந்த மூன்று பேருடைய பழக்கம் கிடைத்தது. முதலாளி மகன் தோளில் கைபோட்டு 'மாப்ள' என்றால் லோடுமேன் மகனுக்கு வேறென்ன வேண்டும்? கிறுகிறுத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரி ரோட்டில் இவர்களோடு ரேஸ் ஓட்டினான். அந்த வெள்ளைப் புழுதியில்தான் விழுந்தான். மதுரையில் டாக்டர் கையை விரித்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

டாக்டர் கையை விரித்ததும் இவர்கள் கையை நீட்டினார்கள்.

கிளப்பின் வழக்கம் அது. உறுப்பினர் ஒருத்தர் போய்ச் சேர்ந்தால் அவர் வண்டியைக் காயலான் கடைக்கு விடுவதில்லை. பிரித்து, ஆளுக்கொரு சாமானாகத் தங்கள் வண்டியில் மாட்டிக்கொள்வார்கள். அவர் எப்போதும் கூடவே ஓடுகிறார் என்று அர்த்தமாம். பங்கு என்பார்கள். பீர் குடித்துவிட்டு அழுவார்கள். ஊர்க்காவலன் என்று ஒரு பெரியவர் மாரடைப்பில் போனபோது முதல்முதலாகச் செய்தது. அவரை எரித்து, காரியம் முடிந்து, அதற்கப்புறம்தான் வண்டியில் கை வைத்தார்கள். ஜோபின் விஷயத்தில் அந்தப் பொறுமைகூட இல்லை. எப்படியும் போகப்போகிறவன்தானே என்று, அவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்பானரை எடுத்துவிட்டார்கள்.

தங்கப்பாண்டியன் ஹெட்லைட்டைத் தன் புல்லட்டில் மாட்டி ஸ்டேட்டஸ் போட்டான்: 'மாப்ள, உன் வெளிச்சம் எங்ககூட.' அன்றைக்குத்தான், கட்டிலில், ஆள் நடந்தால் கூடவே நகர்ந்துகொண்டிருந்த ஜோபினின் கண்கள் நின்றன. மூன்றாமவன் ராக்கப்பன் ஹார்னை எடுத்துக்கொண்ட வாரத்தில் அவன் முனகுவது நின்றது. தற்செயல் என்று ஜெஸ்லின் தனக்குத்தானே பாடம் நடத்தினாள். பிசிக்ஸ் படித்தவள். அவள் தெருவில் முதல் டிகிரி அவளுடையதுதான். சாமியாடி குறி சொன்னாலும் சரி, பாஸ்டர் தரிசனம் சொன்னாலும் சரி, வாயைக் கோணிக்கொண்டு சிரிக்கிறவள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல் வந்தது. அம்மா வைத்த பேர். மற்ற நாளெல்லாம் மரக்கட்டையாகக் கிடக்கிறவனுக்கு ஞாயிறு காலையானால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்வை பாயை நனைக்கும், பல் கிட்டும். மத்தியானம் தணியும். இன்றைக்கும் அப்படித்தான். தணிந்த பிறகு ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கும்போது காதை அவன் நெஞ்சில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று தெரியாது.

டப், டப், டப். நடுவே ஒரு தயக்கம். மறுபடி டப், டப்.

பஸ் ஏறி நேரே இங்கே வந்திருந்தாள்.

சாலமன்ராஜ் எழுந்தான். கோபப்படவில்லை. கோபப்படாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தெருநாய் குரைத்தால் பிஸ்கட் போடுகிற முகம்.

"சரி பாப்பா. எதெது உங்கண்ணனோடதுன்னு பாத்துச் சொல்லு. உனக்கே எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடுத்துக்கோ. தடுக்க மாட்டோம்."

"தடுத்தாலும் எடுப்பேன்." தோள்பையிலிருந்து ஜோபினின் ஸ்பானர் பையை எடுத்தாள்.

"ஏயப்பா," என்றான் ராக்கப்பன். ஆத்தங்கரைப் பக்கம் நிறைய நிலம் உள்ளவன். நிலத்தில் யாரோ குனிந்து வேலை செய்ய, இவன் ராஜ்தூத் பைக்கில் வரப்பைச் சுற்றி வருவான். "மெக்கானிக் வந்துட்டாக. எல்லாரும் எந்திரிங்கலே."

முதல் அறை தங்கப்பாண்டியனுடையது. பட்டாசு ஆலை அறைகள் எல்லாமே ஒரே அச்சு: ஆள் தப்பித்து ஓட நாலு பக்கமும் கதவு, நடுவில் நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்கிற அளவு தரை. சுவர்க் காரையில் ஊறிப்போன அலுமினியப் பொடி இன்னும் மினுங்கியது. வெள்ளையடித்தும் போகவில்லை, சுவரில் கைவைத்தால் விரல் நுனி வெள்ளியாகும். அந்தச் சுவர்களுக்கு நடுவே புல்லட் நின்றது. துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவாதவன்.

ஹெட்லைட்டின் வளையத்தில், ஆறு மணி முள் இருக்கிற இடத்தில், ஒரு கீறல். ஜோபின் ஸ்க்ரூ டிரைவரை நழுவவிட்டது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"இது எங்கண்ணன்து."

"ஆமா," என்றான் தங்கப்பாண்டியன். "நல்ல லைட். ஆனா என்ன, ஒழுகும்."

"என்ன ஒழுகும்?"

அவன் பார்க்கச் சொல்லித் தாடையால் காட்டினான். அவள் குனிந்தாள். மழை பெய்து மாசக்கணக்காகிறது. வைப்பாறு மணலாய்க் கிடக்கிறது. இந்த அறையில் தண்ணீர் என்று எதுவும் இல்லை. ஹெட்லைட்டின் கண்ணாடி ஈரமாக இருந்தது. கீழ் விளிம்பில் நீர் கோர்த்து, திரண்டு, மட்கார்டில் சொட்டியது. துப்பட்டா நுனியால் துடைத்தாள். மறுபடி கோர்த்தது. ஏதோ ஞாபகத்தில் நுனியை உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

சாவி இல்லை. வண்டி ஓடவில்லை. கண்ணாடிக்குள், அடி ஆழத்தில், பீடி நெருப்பு அளவுக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். வெளிச்சம் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள்.

வந்தது.

கண்ணாடி வளைவு அப்படி, பிரதிபலிப்பு, என்றாள் மனசுக்குள். ரிஃப்ளெக்டரின் குவியம். பரீட்சையில் எழுதின படம்கூட ஞாபகம் வந்தது.

"கழட்டு," என்றான் தங்கப்பாண்டியன் பின்னாலிருந்து. "முழுசா வேணும்னியே. கழட்டு."

அவள் ஸ்க்ரூவில் கை வைத்தாள். வெளிச்சம் அணைந்தது. இமை மூடுகிற மாதிரி. வலிக்கப்போகிறது என்று தெரிந்தவன் மூடுகிற மாதிரி.

கையை எடுத்துக்கொண்டாள்.

மூவரும் சிரித்தார்கள். சத்தமாக இல்லை. சொந்தக்காரப் பிள்ளை முதல்முதலாகச் சேலை கட்டித் தடுக்கி விழுந்தால் சிரிக்கிற மாதிரி.

அடுத்த அறையில் ராஜ்தூத். ஹார்ன் எங்கே இருக்கிறது என்று அவள் தேடுவதற்குள் ராக்கப்பன் எட்டி பட்டனை அழுத்தினான்.

ஹார்ன் சத்தம் வரவில்லை. "ம்ம்ம்" என்று வந்தது. வாய் திறக்க முடியாதவன் தொண்டைக்குள்ளேயே இழுக்கிற முனகல். தாகம் என்றால் நீட்டி, புரண்டு படுக்க வேண்டுமென்றால் வெட்டி வெட்டி. மாசக்கணக்காக அந்த முனகலை வைத்துத்தான் அவளும் அம்மாவும் அவனுக்குப் பணிவிடை செய்தார்கள். அது நின்றபோது அம்மா, பிள்ளைக்கு வலி கொறஞ்சிருச்சு என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

இங்கே இருந்தது. ஒரு ராஜ்தூத்தில்.

"ஆடு மாடு எல்லாம் தெறிச்சு ஓடுது பாப்பா," என்றான் ராக்கப்பன். "ரோட்டுல ஒரு பய குறுக்க வரமாட்டான்." மறுபடி அழுத்தினான். வெட்டி வெட்டி வந்தது.

"அழுத்தாதீக."

"ஏன், என் ஹார்னு."

"கையை எடுலே!"

சொன்னது அவள்தான். அப்பாவுக்கு வேலை கொடுக்கிற வீட்டின் சிநேகிதனை, ஊரே 'ஐயா' போடுகிறவனை. ராக்கப்பன் கை நின்றது. முகம் கறுத்தது. சாலமன்ராஜ் அவன் தோளைத் தட்டினான். "விடு. வயசுப்பிள்ள. மெயின் சாமான இன்னும் பாக்கல."

வேப்ப மரங்களைத் தாண்டி நடந்தார்கள். அவள் முன்னால். மூவரும் பின்னால். ஒவ்வொரு அறையாகத் தாண்டத் தாண்ட டப், டப் கெட்டியானது. முதலில் காதில், பிறகு செருப்புக்கடியில் மண்ணில், பிறகு பல்லில். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. அந்த வாசத்துக்குக் கீழே வேறொரு வாசம். பெட்ரோல், எரிந்த ஆயில். அதற்கும் கீழே. அவள் நின்றாள். டெட்டால். முதுகுப் புண்ணுக்குப் போடுகிற பவுடர். சளி உறிஞ்சும் குழாயைக் கழற்றினால் வருகிற அந்தப் புளித்த வாடை. தினமும் அவள் கையிலேயே இருக்கிற வாடை. கையை மோந்து பார்த்தாள். கையிலிருந்து வரவில்லை.

கடைசி அறையின் கதவு திறந்தே இருந்தது.

சாலமன்ராஜின் மெரூன் ஜாவா பைக். இறுக்கிக் கட்டிய ஸ்டாண்டின் மேல், ஆளில்லாமல், உடம்பு அதிர நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஜோபினின் எஸ்டி எஞ்சின். பக்கத்தில் பெட்ரோல் கேன்கள், புனல். புகை வெளியே போக, நாலு கதவில் ஒன்றை எடுத்தே விட்டிருந்தார்கள். பின்னால் நீண்ட சைலன்சரிலிருந்து வந்த புகை அவள் கணுக்காலில் பட்டது. ஈரமாக. வந்து, நின்று, வந்து.

"சாவிய எடுங்க. நிறுத்துங்க."

"சாவி என் பாக்கெட்லதான் இருக்கு." எடுத்துக் காட்டினான். "இதுக்குச் சாவி தேவையில்ல. மாட்டுன நாள்லருந்து ஓடுது. பெட்ரோல் மட்டும் ஊத்தணும். ஒரே ஒரு தடவை நிறுத்தினோம். அன்னிக்கு உங்கம்மா போன் பண்ணாக."

"எங்கம்மாவா?"

"மூச்சு நின்னுபோச்சு தம்பி, ஏதாச்சும் செஞ்சீகளான்னு அழுதாக. எங்களுக்கும் சுருக்குன்னு பட்டுச்சு. உதைச்சு ஸ்டார்ட் பண்ணோம். இவன் ஓடுனதும் அவன் மூச்சு விட்டான்." சாலமன்ராஜ் டேங்கைத் தடவினான். "அன்னையிலருந்து உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நிறுத்த மாட்டேன்னு. அவுகளும் எனக்கு வாக்குக் குடுத்திருக்காக. உன்னயக் கேட்கவிட மாட்டேன்னு. உங்கண்ணன நாங்கதான் பாப்பா உயிரோட வச்சிருக்கோம். ஒரு நன்றி இல்ல உங்ககிட்ட."

பைபிள். அம்மாவின் கை அவள் கையை அதன்மேல் அமுக்கிப் பிடித்தது.

போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். அம்மா முகம் வந்தது; பின்னால் கட்டில், குழாய், ஜோபினின் முகவாய்.

"எங்கட்டி போன? சொல்லாமக் கொள்ளாம..." அம்மா நிறுத்தினாள். சத்தம் கேட்டுவிட்டது. அம்மாவுக்கு இன்பம் என்று பேர். முகம் ரத்தமில்லாமல் வெளிறுவதைப் பார்க்க முடிந்தது. "அங்கனயா போயிருக்க? ஏட்டி. நிறுத்தச் சொல்லிராதட்டி. உன் கால்ல விழுறேன். கெடந்தாலும் கெடக்கட்டும்ட்டி. எம்பிள்ள மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்."

"அம்மா, அண்ணன் பக்கம் போனத் திருப்பு."

திருப்பினாள். ஜோபினின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஜாவாவின் டப், டப்புக்கு. ஒரு மயிரிழை பிசகாமல்.

"இங்க காட்டு," என்று சாலமன்ராஜ் போனை அவள் கையிலிருந்து வாங்கினான். ராக்கப்பன் எட்டிப் பார்த்தான். "அட, நெசமாவே." சாலமன்ராஜ் போனிலிருந்து கண்ணெடுக்காமல், "லேசா முறுக்குலே" என்றான்.

தங்கப்பாண்டியன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

எஞ்சின் சீறியது. போனில் அம்மா "ஏசுவே!" என்று கத்தினாள். கட்டிலின் கால் தரையில் தடதடவென்று அடிப்பது கேட்டது. குழாயிலிருந்து நுரை. நுரையில் சிவப்பு.

"இன்னொருக்க."

"போதும்!" அவள் தங்கப்பாண்டியனின் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் தள்ளினான். சுவரில் போய் மோதினாள். தோளெல்லாம் வெள்ளி.

"ஒண்ணும் ஆகாது பாப்பா," என்றான் சாலமன்ராஜ். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆலங்குளம் ரோட்டுல நூறுல ஓட்டுறோம். தாங்குறான். உங்க வீட்டுல கெடக்கிறது என்ன? பீ அள்ளுறீக. இங்கன பாரு, ஓடுறான். அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல விண்டேஜ் ரேஸ். டிராக்குல, ஃபுல்லா முறுக்கி. அவனுக்கு ஆசைதானே அது?"

ஆசைதான். அவள் வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். டேங்க் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்பட்ட இரும்பின் சூடு இல்லை. காய்ச்சல் நெற்றியின் சூடு. அதில் வேர்த்திருந்தது. வாயைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அண்ணே. நிறுத்திரவா?"

டப், டப். தயக்கம். டப்.

பதில் வரவில்லை. பதில் சொல்கிற சாமான் ராக்கப்பனின் ராஜ்தூத்தில் இருந்தது.

முழுசாகக் கேட்டு வந்தாள். முழுசாகக் கொண்டுபோக இதைக் கழற்ற வேண்டும். கழற்ற, நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கொண்டுபோக ஒன்றுமில்லை. இது படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம்கூட இல்லை. மூன்று தொந்திகளும் போனைச் சுற்றிக் குனிந்திருந்தன. தங்கப்பாண்டியன் ஒரு கையால் முறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "கண்ணு ஆடுதாலே? ஆடுது பாரு." சினிமா பார்க்கிற முகங்கள். இவன்களை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள்.

டேங்குக்கு அடியில் பித்தளை டேப் இருந்தது. பெட்ரோல் டேப். கையைக் கொடுத்தாள். திருப்பினாள். மூடிக்கொண்டது. ஸ்பானரைக் கொடுத்து நெம்பினாள். பழைய பித்தளை. திருகு 'டிக்' என்று ஒடிந்து கையோடு வந்தது. இனி யாராலும் திறக்க முடியாது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

டேப்பை மூடினாலும் எஞ்சின் உடனே நிற்காது. கார்ப்பரேட்டருக்குள் தங்கிய கொஞ்சப் பெட்ரோல் தீரும் வரை ஓடும். தீரப் போகும்போது, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அடங்காது, ஏறும். பெட்ரோல் குறையக் குறைய, காற்று மட்டும் போகப் போக, சத்தம் உச்சிக்கு ஏறும். வெறி பிடித்த மாதிரி. அப்புறம்தான் நிற்கும். டார்ச் பிடித்த காலத்தில் ஜோபின் சொன்னது.

எழுந்தாள். சுடிதாரைத் தட்டிவிட்டாள். சாலமன்ராஜின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"என்ன பாப்பா, எடுத்துக்கலையா?"

"வேணாம். நீங்களே வச்சுக்கோங்க."

"அப்படிச் சொல்லு. படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளதான்."

வெளியே வந்தாள். வேப்பம்பூமேல் நடந்தாள். ஓடவில்லை. பின்னால் டப், டப் இறுகியது. தயக்கம் போய்விட்டது. ஒரே கோடாக. ஏறத் தொடங்கியது.

"கைய எடுத்துட்டேன்லே! தானா ஏறுது!" தங்கப்பாண்டியன். 

"கேளுலே, கேளு! எப்படிப் பாடுறான் பாரு!" சாலமன்ராஜ் கைதட்டினான். மூவரும் தட்டினார்கள். விசில்.

ராஜ்தூத் அறையைத் தாண்டினாள். உள்ளே யாருமில்லை. ஹார்ன் நீட்டி முனகியது.

புல்லட் அறை. கதவு வழியாக ஒரு வெளிச்சம் தரையில் விழுந்து, அவள் காலைத் தொட்டு, அவள் நகர நகரக் கூடவே வந்தது.

திரும்பவில்லை.

கையில் போன் அலறியது. "ஜெஸ்லின்! ஏட்டி! கண்ணத் தொறந்துட்டான்ட்டி! எந்திரிக்கான்! ஏசப்பா, எம்பிள்ள எந்திரிக்கான்!"

பார்த்தாள். கட்டிலில் ஜோபின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மாசக்கணக்காக மடங்காத முதுகு, நேராக. கண் இரண்டும் திறந்து. அம்மா இரண்டு கையையும் தூக்கி அழுதுகொண்டே சிரித்தாள். போனை எங்கோ சாய்த்து வைத்திருந்தாள். ஹால் முழுவதும் தெரிந்தது. அவன் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. அதிலிருந்து சத்தம் வந்தது. பின்னால் அறையில் ஏறிக்கொண்டிருந்த அதே சத்தம், நெட்வொர்க்கில் கொஞ்சம் பின்தங்கி. முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. இரண்டும் ஏறின. கைதட்டல். ஸ்தோத்திரம். கைதட்டல்.

கேட்டுக்கு வந்துவிட்டாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

பின்னால் சத்தம் நின்றது. கைதட்டலும் நின்றது.

போனில் நிற்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்தான், வாய் திறந்தபடி, சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க் தாமதம்தான், இதோ நிற்கும். அம்மா அவனைக் கட்டிப்பிடித்து, அந்தத் திறந்த வாயில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். இதோ நிற்கும். இன்னும் நிற்கவில்லை.